மழைக்கு முன்னாலேயே வந்து படுக்கச் சொன்ன நர்சம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

பிரசவம் முடிந்து என் தங்கச்சியும் அவள் மகளும் நலமாக இருக்கிறார்கள். விசாரித்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நேரில் போய் நன்றி சொன்னபோது, "எங்க வேலைதானே தம்பி" என்று ஆளாளுக்கு மழுப்பிவிட்டார்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "இங்க வந்து சேர்ற வரைக்கும் உயிரைப் பிடிச்சு வச்சாங்க பாருங்க, பாதி வைத்தியம் அதுதான்" என்று எங்களிடம் சொன்னதே அவர்தான்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, முள்ளியாற்றை ஒட்டி இருக்கிறது. தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அழைத்து வந்த மறுநாளே கிராம சுகாதாரச் செவிலியர், எங்களுக்கு நர்சம்மா, வாசலில் வந்து நின்றார். பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தருகிற எண், மாப்பிள்ளை ஊரில் வாங்கியது. "எண் எந்த ஊரா இருந்தா என்ன, பொண்ணு இப்ப என் ஏரியாவுல இருக்கு" என்று தன் நோட்டில் ஏற்றிக்கொண்டார். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குக் கணக்குப்படி 5,000 பேர். அத்தனை பேருக்கும் ஒரு நர்சம்மா, ஒரு பழைய ஸ்கூட்டி.

வந்தவர் முதலில் தங்கச்சியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்புறம் கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினார். திரும்பி வரும்போது, செம்பருத்திச் செடியின் வேரடியில் கிடந்த சிவப்பு மாத்திரைகளில் இரண்டை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். திட்டவில்லை. "குமட்டுதா? கறுப்பா போகுதா? அப்படித்தான் இருக்கும். ராத்திரி சாப்பிட்டப்புறம் போட்டுக்க. எலுமிச்சைச் சாறோட போடு, டீயோட போடாதே, டீ இரும்பை உடம்புல சேர விடாது." ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டுமாம். மாத்திரையை மட்டும் நம்பினால் பிரசவத்துக்குள் ஏறாது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து, இரும்புச் சத்து மருந்தை டிரிப்பில் தவணை தவணையாக ஏற்ற ஏற்பாடு செய்தார். மாதம் நெருங்கும்போது 10.8 ஆகியிருந்தது. அந்த இரண்டரைக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் கார்த்திகை. டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று ரேடியோ சொன்னால் எங்கள் தரைப்பாலத்துக்கு நாள் எண்ண வேண்டியதுதான். பிரசவத் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நர்சம்மா வந்து, "வெள்ளம் வந்தப்புறம் என்னைக் கூப்பிட்டுப் புண்ணியமில்லை, இன்னைக்கே வந்து படுத்துக்கச் சொல்லுங்க" என்றார். அப்பாயிக்கு ஏற்கவில்லை. வலி வராமலே எவளாவது ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பாளா, திருக்கருகாவூர் விளக்கெண்ணெய் வீட்டில் இருக்கிறது, அம்பாள் பார்த்துக்கொள்வாள் என்றது. "அந்த எண்ணெயையும் எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க அப்பாயி" என்றார் நர்சம்மா. வாதம் அதோடு முடிந்தது.

திருச்சி மலைக்கோட்டைச் சாமிக்குத் தாயுமானவர் என்று ஏன் பெயர் வந்தது என்பது தெரிந்த கதைதான். மகளின் பிரசவத்துக்கு வந்த தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பார்கள். வெள்ளத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இந்த ஆற்றுப் படுகையில் அவ்வளவு பழைய பகை. தங்கச்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வந்து படுத்த பிறகு மழை பிடித்தது, தரைப்பாலம் முங்கியது. வலி வந்த இரவில் அவள் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று இரவுப் பணியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ்தான் பிரசவம் பார்த்தார். சுகப்பிரசவம். குழந்தை உடனே அழவில்லை. உதவிக்கு நின்ற இன்னொரு நர்ஸ் துணியால் அழுத்தித் துடைத்து, முதுகை நீவி, சின்ன முகமூடி வைத்து ஆம்பு பையை அமுக்கி மூச்சுக் கொடுத்திருக்கிறார். முதல் நிமிஷத்துக்குள் செய்ய வேண்டிய வேலை அது. பிள்ளை வீறிட்டது வெளியில் நின்ற எங்களுக்குக் கேட்டது. எடை 2.3 கிலோ.

எல்லாம் முடிந்தது என்று மாப்பிள்ளை இனிப்புக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே ரத்தம் நிற்கவில்லை. பிள்ளை வெளியே வந்ததும் கருப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் ரத்தக் குழாய்கள் அடைபடும். அவளுக்கு இறுகவில்லை. பிள்ளை பிறந்ததும் வழக்கமாகப் போடும் ஆக்சிடோசின் ஊசி போட்டாயிற்று, மேற்கொண்டு டிரிப்பிலும் ஏற்றினார்கள். வந்து பார்த்த மருத்துவ அதிகாரி, இங்கே வைத்துப் பார்ப்பதில்லை என்று உடனே முடிவெடுத்தார்.

"மேலே அனுப்பிட்டாங்க" என்றால் கைகழுவி விட்டார்கள் என்றுதான் ஊரில் பேசுவோம். அப்படிக் கைகழுவிவிடுகிற இடங்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர்கள் அனுப்பிய விதத்தைக் கேளுங்கள். 108 வருவதற்குள் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, சிறுநீர்க் குழாய் போட்டு, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன் செய்து ரத்த வகை, எவ்வளவு போயிருக்கும், என்ன மருந்து கொடுத்தோம் என்று சொல்லிவிட்டார்கள். கணுக்காலிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாக இழுத்து ஒட்டுகிற ஓர் உடையைச் சுற்றினார்கள். அது காலில் உள்ள ரத்தத்தை நெஞ்சுக்கும் தலைக்கும் தள்ளுமாம். ரத்தப்போக்கு அடங்கி உடம்பு தேறும்வரை யாரும் கழற்றக் கூடாது, கழற்றும்போதும் கணுக்காலில் தொடங்கித்தான் கழற்ற வேண்டும் என்று சீட்டில் எழுதி வைத்தார்கள். பிரசவம் பார்த்த நர்ஸும் வண்டியில் ஏறினார்.

அம்மாவும் கூடப் போனது. குழந்தையை மார்போடு வைத்து, சேலைக்குள் பொதிந்துகொண்டு உட்காரச் சொன்னார்களாம், சூடு குறையக் கூடாதென்று. வழியெல்லாம் தான் பார்த்தது அந்த நர்ஸின் கையை மட்டும்தான் என்கிறது அம்மா. உள்ளிருந்து ஒரு கை தாங்க, அடிவயிற்றுக்கு மேலே ஒரு கை அழுத்த, கச்சனம் தாண்டி ரோடு பெயர்ந்து கிடந்த இடத்திலும் அந்தக் கை விலகவில்லை. 108 வண்டியோட்டியைப் பைலட் என்பார்கள். அந்தப் பைலட் தம்பி பள்ளத்துக்குப் பள்ளம் "அக்கா, பிடிச்சுக்குங்க" என்று முன்கூட்டியே குரல் கொடுத்துக்கொண்டே வந்தாராம். உடன் வந்த மருத்துவ உதவியாளர் ரத்த அழுத்தத்தைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

தங்கச்சி ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத வகை. நர்சம்மா இதையும் முன்பே யோசித்திருந்தார். சுற்றுவட்டார ஓ நெகட்டிவ் ஆட்கள் நாலைந்து பேரின் போன் எண்ணைக் கர்ப்பிணி அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். ரத்த வங்கியில் இருந்ததை ஏற்றத் தொடங்கும்போதே இரண்டு பேர் நனைந்தபடி வந்து நின்றார்கள். ஒருவர் மீன் வண்டிக்காரர், இன்னொருவர் கல்லூரி மாணவர். அந்தத் தம்பி ஜூஸ் குடிக்கக்கூட நிற்கவில்லை, மறுநாள் பரீட்சையாம்.

டாக்டரம்மா கருப்பைக்குள் பலூன் வைத்து ஊதி, உள்ளிருந்தே அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். கருப்பையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தை பாசிட்டிவ் என்பதால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியையும் மறக்கவில்லை. அடுத்த பிள்ளைக்கு அதுதான் காப்பு. இவளுக்கு ரத்தம் 8.2-லேயே நின்றிருந்தால் இவ்வளவு இழப்பைத் தாங்கியிருக்காது என்று சொன்னவரும் அவர்தான். அப்போதுதான் எனக்குச் செம்பருத்தி வேர் ஞாபகம் வந்தது.

எங்கள் சின்னத்தை இதே ரத்தப்போக்கில் போனவர். டிராக்டர் டிரெய்லரில் பாய் விரித்துக் கொண்டுபோனார்கள். அவர் பெயரை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. 2004-06இல்கூடத் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 111 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. குறைந்ததெல்லாம் தானாகக் குறையவில்லை. அந்த 54-ம் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்கள்தான்.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேறோர் ஊரில், ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் என்று வார்டு வாசலில் கேட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை ஒருவரும் கை நீட்டவில்லை. மாப்பிள்ளை நீட்டிய நோட்டைத் துப்புரவுப் பணியாளர் அக்கா அவர் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினார். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் 102 தாய் சேய் ஊர்திதான். அந்த அக்காவுக்கும், ராத்திரி முழுக்க ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பிக் கொடுத்த டீக்கடைக்காரருக்கும் நன்றி.

பாப்பாவுக்கு வருகிற வைகாசியில் காது குத்து. தாய்மாமன் மடி என்னுடையது. மேலே சொன்ன எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், மொய் வாங்க மாட்டோம். நர்சம்மாவின் பட்டியலில் இப்போது என் பெயரும் இருக்கிறது, ஆனால் நான் பி பாசிட்டிவ். ஓ நெகட்டிவ் உள்ளவர்கள் யாராவது திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் இருந்தால், அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊர் நர்சம்மாவிடம் போன் எண்ணைக் கொடுத்துவையுங்கள்.