வரப்போரக் குறிஞ்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டுதான். களையெடுப்பு, அறுப்பு, அப்புறம் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவது என்று பொழுது ஓடிவிடும். ஆனாலும் குறிஞ்சி வளர்ப்பதில் எனக்குத் தீராத ஆசை.

2018-இல் பூத்து முடித்துச் செடிகள் பட்டுப்போனபோது, சரிவிலிருந்து ஒரு கைப்பிடி விதை எடுத்துவந்து வரப்போரம் தூவினேன். முளைத்தது கொஞ்சம்தான். இன்று முழங்கால் உயரம் நிற்கின்றன. செவ்வாய்க்கிழமைகளில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குக் கிளம்பும் முன் அவற்றைச் சுற்றிப் புல் பிடுங்குவேன். மண் ஒட்டிய கையோடு "முருகா" என்பதும் எனக்கு வழிபாடுதான். குறிஞ்சி அவன் பூ அல்லவா!

"பூண்டுக்கே விலை இல்லை, இதெல்லாம் எதற்கு?" என்று ஊர் இளைஞர்கள் சலித்துக்கொள்கிறார்கள். விலை விழுந்த வருஷங்களில் என்னைச் சோர விடாமல் வைத்திருந்தவை இந்தச் செடிகள்தான். தம்பிகளே, காட்டோரம் நாலு செடியாவது வையுங்கள்.

அடுத்த பூப்பு 2030-இல். 2018-இல் பிறந்த என் மகளுக்கு அப்போது 12 வயது. முதல் கொத்து வேலப்பருக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பூம்பாறை.