பெக்தாஷிகளைப் பற்றி எழுதவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

சூஃபியம் குறித்துத் தமிழில் எழுதும் ஆய்வாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் வணக்கம்.

அல்பேனியத் தலைநகர் டிரானாவுக்குள், பெக்தாஷி தரீக்கா என்னும் சூஃபி ஞானநெறிக் குழுவுக்கென வத்திக்கானைப் போன்ற தனி நாடொன்றை அமைக்கும் திட்டத்தை அல்பேனியப் பிரதமர் எடி ராமா 2024 செப்டம்பரில் அறிவித்தார். அதையொட்டி இத்தரீக்காவைப் பற்றி எழுத முற்படுவோரிடம் ஒரு வேண்டுகோள்: மது அருந்தும், முக்காடு வற்புறுத்தாத, 'தாராளவாத முஸ்லிம்கள்' என்ற ஒற்றை வரியில் அவர்களை முடித்துவிடாதீர்கள்.

அந்த வரியில் பொய்யில்லை. நபிகளின் மருமகன் அலீயையும் ஷியாக்களின் பன்னிரு இமாம்களையும் போற்றும் அவர்களுடைய சடங்குகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே அமர்கிறார்கள். மதுவுக்கும் அங்கே இடமுண்டு. ஆயினும் ஷரீஅத் எனும் மார்க்கச் சட்டத்தின் புறக்கடமைகளில் நெகிழ்வு காட்டிய இவர்கள், தங்கள் தரீக்காவின் நெறிகளில் எள்ளளவும் நெகிழவில்லை. பைஅத் என்னும் தீட்சை உறுதிமொழி பெறாதவர் உள்சடங்குகளுக்குள் நுழைய முடியாது. முரீது, அதாவது சீடர், தன் குற்றங்களை ஷைகு எனும் குருவின் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். துறவறம் பூண்டு வாழ்வோரும் அவர்களுள் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் குராசானிலிருந்து அனத்தோலியாவுக்கு வந்தவராகக் கருதப்படும் ஹாஜி பெக்தாஷ் வலியின் பெயரில் வளர்ந்த மரபை, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாறு கட்டுக்கோப்பாக்கியவர் பாலிம் சுல்தான்.

அரண்மனையிலிருந்து விலகி நின்ற ஏழைத் துறவிகள் என்று எழுதுவதும் பொருந்தாது. உதுமானியப் பேரரசின் சிறப்புக் காலாட்படையான ஜானிசரிப் படை ஹாஜி பெக்தாஷையே தன் காவலராகக் கொண்டிருந்தது. அந்த நெருக்கமே வினையாயிற்று: 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அப்படையை அழித்தபோது தரீக்காவையும் தடைசெய்தார். அத்தடைக்கு இசைந்த அவையில் மார்க்க அறிஞர்களான உலமாக்கள் மட்டுமல்ல, பிற தரீக்காக்களின் ஷைகுகளும் இருந்தார்கள். ஹாஜி பெக்தாஷின் தலைமைத் தைக்காவிலேயே (சூஃபி மடத்திலேயே) வேறொரு தரீக்காவான நக்ஷபந்தியின் ஷைகு ஒருவர் அமர்த்தப்பட்டார். கடுமையான உலமா ஒருபுறம், கனிவான சூஃபி மறுபுறம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கதைக்கு இந்நிகழ்ச்சி இடங்கொடுப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இது எளிதில் விடுபட்டுவிடுகிறது.

1925இல் துருக்கிக் குடியரசு எல்லாத் தைக்காக்களையும் மூடியதும் தலைமை அல்பேனியாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கும் 1967இல் என்வர் ஹோஜாவின் கம்யூனிச ஆட்சி மதம் முழுவதையும் தடைசெய்தது. அரசால் உயர்ந்தும் அரசால் அழிக்கப்பட்டும் வந்த தரீக்காவுக்கு இப்போது ஓர் அரசே நாடு தர முன்வருகிறது. அதை விசித்திரச் செய்தியாக அல்லாமல், 1826ஐயும் சேர்த்து வைத்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்டுரைகளின் வாசகன்