அந்த நான்கு மூலைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, துருக்கியின் இஸ்தான்புல்லில் இருக்கும் ஹாகியா சோபியா பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 537இல் ஒரு பெரிய தேவாலயம், 1453இல் மசூதி, 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மறுபடியும் மசூதி என்று யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை விவரமாக எழுதியிருக்கிறார்கள். சரி. ஆனால் அது எப்படி நிற்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. 'பிரம்மாண்டமான குவிமாடம்' என்று சொல்லிவிட்டு அடுத்த ராஜாவிடம் போய்விடுகிறார் கட்டுரையாளர். முப்பது வருடம் கட்டட வேலையில் காலம் தள்ளியவனுக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

ரோமில் இருக்கும் பாந்தியன் என்ற பழைய கோயில் இதற்கு 400 வருடம் மூத்தது. 43 மீட்டர் விட்டம், இதைவிடப் பெரிது. ஆனால் அங்கே வட்டமான சுவரின் மேல் வட்டமான குவிமாடம் உட்கார்ந்திருக்கிறது. இங்கே கீழே இருப்பது சதுரம். சதுரப் பெட்டியின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், நான்கு மூலையும் திறந்து கிடக்கும். இதைக் கட்டிய அந்தேமியஸ், இசிடோரஸ் இருவரும் கணக்குத் தெரிந்தவர்கள். நான்கு பெரிய தூண்களை நிறுத்தி, அவற்றுக்கு இடையே நான்கு ஆர்ச்சுகளைக் கட்டினார்கள். ஆர்ச்சுக்கும் ஆர்ச்சுக்கும் நடுவே, கீழே கூராகத் தொடங்கி மேலே விரிந்துகொண்டே போகும் உட்குழிந்த முக்கோணங்கள். அவை நான்கும் மேலே போய்ச் சேரும்போது முழு வட்டம் ஒன்று கிடைத்துவிடுகிறது. அதன் மேல்தான் சுமார் 31 மீட்டர் குவிமாடம். சிறிய அளவில் இதை முன்பே செய்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிதாக யாரும் துணிந்ததில்லை.

வேலை ஆறு வருடத்துக்குள் முடிந்தது. அதுதான் வினை. செங்கல் கனத்துக்குச் சாந்து வைத்துக் கட்டிய கட்டடம். சுண்ணாம்புச் சாந்து இறுக நாளாகும். அது இறுகும் முன்பே மேலே பாரம் ஏறியதால் தூண்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்தன. அடுத்தடுத்து வந்த பூகம்பங்களுக்குப் பிறகு 558இல் குவிமாடம் சரிந்தது. (பேரரசர் ஜஸ்டினியன் தலைமாட்டில் நின்று அவசரப்படுத்தினால் யார்தான் சாந்து காயும்வரை காத்திருக்க முடியும்?) முதலில் கட்டிய இசிடோரஸின் உறவினரான இளைய இசிடோரஸ் அதைச் சுமார் 6 மீட்டர் உயர்த்தி மறுபடியும் கட்டினார். குவிமாடம் தட்டையாக இருந்தால் சுவரை வெளியே தள்ளும். உயர்ந்தால் அந்தத் தள்ளல் குறையும். 562இல் முடிந்த அந்த வடிவம்தான் இன்றும் நிற்கிறது.

முழுசாக நிற்கிறது என்று சொல்ல முடியாது. 989 பூகம்பத்தில் ஒரு பகுதி விழ, ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் திர்தாத் வந்து சரிசெய்தார். 1346இல் இன்னொரு பகுதி. 16ஆம் நூற்றாண்டில் ஆட்டோமன் கட்டடக் கலைஞர் சினான் வெளியே முட்டுச்சுவர்கள் கொடுத்தார். 1847இல் சுல்தான் அழைத்து வந்த கட்டடக் கலைஞர்களான ஃபொசாத்தி சகோதரர்கள் குவிமாடத்தின் அடியில் இரும்புப் பட்டை கட்டினார்கள். இந்தக் கட்டடத்தின் வரலாறு என்று யாராவது கேட்டால் நான் இவர்கள் பெயரைத்தான் சொல்வேன். சினான் முட்டுக்கொடுத்ததோடு நிற்கவில்லை. துருக்கியின் எதிர்னே நகரில் அவர் கட்டிய செலிமியே மசூதியின் குவிமாடமும் கிட்டத்தட்ட இதே அகலம். ஆனால் அது எட்டுத் தூண்களில் நிற்கிறது.

இதே மூலைப் பிரச்சினைக்கு வேறொரு விடையைப் பார்க்க துருக்கி வரை போக வேண்டாம். கர்நாடகத்தில் பீஜப்பூரின் கோல் கும்பஸ் கல்லறை மாளிகையில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஆர்ச்சுகளால் மூலைகளை அடைத்திருக்கிறார்கள். நான் போன அன்று மேல் மாடத்தில் ஏறியவர்கள் எல்லோரும் எதிரொலி கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆர்ச்சுகளை அண்ணாந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அப்புறம், கட்டுரையோடு வெளியிட்ட படம் ஹாகியா சோபியா அல்ல. ஆறு மினார்கள் தெரிகின்றன. அது எதிரே இருக்கும் சுல்தான் அகமது மசூதி. ஹாகியா சோபியாவுக்கு நான்குதான். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, முடிந்தால் உட்புறப் படம் ஒன்று போடுங்கள், அந்த முக்கோணங்கள் தெரியும்படி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
திருச்சி