ஏழு நிமிடமும் பதினொரு நிமிடமும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சென்ற இதழில், 2009இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக ஸ்காபரோவில் நடந்த மே 18 நினைவேந்தல் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றாக எழுதியிருந்தார்கள், படங்களும் தெளிவாக இருந்தன. ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "உயிர் தப்பியவர்களின் நேரடிச் சாட்சியங்கள் நீண்டுவிட்டதால் இளையோர் நிகழ்ச்சிகளுக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை." அதை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். அப்புறம் திரும்ப எடுத்து வாசித்தேன். மூன்று நாளாக இதே வேலை.

அன்று மேடையில் சாட்சியம் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் வன்னியில், மாத்தளன் கடற்கரையில், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த முதியவர். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை, அழுதுகொண்டே இறங்கிவிட்டார். மற்றவள் நான். எனக்குத் தந்தது ஏழு நிமிடம், நான் பேசியது பதினொரு நிமிடம். ஆகவே அந்த வரி யாரைச் சொல்கிறது என்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான்கு நிமிடம் கூட எடுத்தது உண்மை. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன். அந்த நான்கு நிமிடத்தில் நான் என்ன சொன்னேன் என்று உங்கள் நிருபர் ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

சேலையைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். சுற்றிவர மண்மூட்டை அடுக்க வேண்டும். அதற்குச் சாக்கு கிடையாது. சேலைகளை வெட்டித் தைத்துத்தான் மூட்டை செய்தோம். நீங்கள் அறியாததல்ல. என் கூறைச்சேலையில் ஒன்பது மூட்டை வந்தது. அம்மாதான் கையால் தைத்தார். சரிகை இருக்கிற இடத்தில் ஊசி இறங்காது, பல்லால் கடித்து இழுப்பார். ஒன்பதாவது மூட்டை பாதி தைத்தபடி கிடந்தபோது, கஞ்சி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். ஊசியை மூட்டையிலேயே குத்திவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். வரிசைக்கு நடுவில் ஷெல் விழுந்தது.

இந்த இடத்துக்கு வந்தபோதுதான் மேடையில் மணி அடித்தது. மணி அடித்தது பதினைந்து வயதுகூட ஆகாத ஒரு பிள்ளை. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. யாரோ அடிக்கச் சொன்னதைச் செய்தது.

கட்டுரையில் இறந்தவர்கள், கணக்கில் வராமல் போனவர்கள் பற்றிய எண்களுக்கு இடம் இருந்தது. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்ன 40,000, அடுத்த ஆண்டு ஐ.நா. உள்ளக ஆய்வு சொன்ன 70,000, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை கணக்குக் கேட்ட 146,679, எல்லாம் சரியாகவே போட்டிருந்தீர்கள். அவை எழுதப்பட வேண்டியவைதான். என் அம்மா அதில் எந்த எண்ணில் அடங்குகிறார் என்று எனக்குத் தெரியாது. மரணச் சான்றிதழ்கூட எடுக்க முடியவில்லை. அவர் இருந்தார், தைத்தார், போனார் என்பதற்கு இந்த நாட்டில் சாட்சி நான் ஒருத்திதான். அதற்குத்தான் அந்த நான்கு நிமிடம்.

உங்கள் பத்திரிகையை நான் கனடாவுக்கு வந்த 2013 முதல் வாசிக்கிறேன். அந்த உரிமையில் இன்னும் சிலதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல், பத்தாவது ஆண்டுச் சிறப்பிதழில், நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிற படத்தைப் போட்டீர்கள். கீழே "பாதிக்கப்பட்ட பெண் ஒருவர்" என்று இருந்தது. படம் எடுக்கும்போதும் யாரும் கேட்கவில்லை, போடும்போதும் கேட்கவில்லை. ஊரில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. அந்தப் படத்தால் அவர்களுக்கு என்ன வருமோ என்று ஒரு மாதம் நித்திரை இல்லாமல் கிடந்தேன். அப்போது எழுதாமல் விட்டது என் பிழை.

2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தபோது நீங்கள் எழுதிய தலையங்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். 2025 மே மாதம் பிரம்ரன் சிங்குவகூசி பூங்காவில் நினைவுச்சின்னம் திறந்தபோதும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நானும் அங்கே போகிறேன். அம்மாவுக்குக் கல்லறை இல்லாதபடியால் பூவை அங்கேதான் வைக்கிறேன். கல் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் கல்லுக்குக் கிடைக்கிற இடத்தில் ஒரு மூலையாவது உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கிடைக்கலாம்.

மே 18 முடிந்தால் அடுத்த மே வரை எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்காது. ஏப்ரலில் அடிக்கும். "அம்மா, இந்த முறையும் நீங்கள் கட்டாயம் கதைக்க வேணும்" என்பார்கள். மறுப்பதில்லை. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்றும் சொல்லித் தருவார்கள். என் பதினாறு வயது மகனை ஆமிக்குப் பயந்து ஒளித்ததைச் சொல்லலாம். எங்கள் இயக்க ஆட்களே சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பரலுக்குள், அந்தப் பெரிய பீப்பாய்க்குள், ஒளித்ததைச் சொல்லக்கூடாது. இரண்டுக்கும் நடுங்கியது ஒரே தாய்தான். பேசி முடிந்ததும் ஒரு சால்வை. வீட்டுக்கு வந்தபிறகு அன்றிரவு எப்படிப் போனது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இங்கே வந்த புதிதில் ஒரு மையத்துக்கு அனுப்பினார்கள், மன ஆற்றுப்படுத்தலுக்கு. "நெஞ்சு பதறுது" என்றேன். உடன் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை என்னவென்று சொன்னாரோ, இருதயப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்கள். மார்பில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. எங்கள் பாஷையில் பதறுவது, விறைத்துப்போவது, ஏங்குவது என்று எத்தனை இருக்கிறது. அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் போதும்.

இப்போது இளையோர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரியில் என்னை அதிகம் சுட்டது இதுதான். நாங்கள் பேசினால் பிள்ளைகளுக்கு நேரம் குறையும் என்று எழுதிவிட்டீர்கள். எங்களையும் பிள்ளைகளையும் ஒரு கடிகாரத்தின் இரண்டு பக்கத்தில் நிறுத்திவிட்டீர்கள். ஆனால் அன்று நடனத்துக்கு உடுத்தி ஆயத்தமாக நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர், நான் மேடையிலிருந்து இறங்கியதும் பின்னாலேயே வந்தார்கள். ஒருத்தி, "அன்ரி, அந்த ஒன்பதாவது மூட்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வி.

மூன்று ஆண்டாக மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை ஒரு நூலக அறையில் கூடுகிறோம். எங்கள் பக்கம் ஐந்து பேர். பல்கலைக்கழகத்திலும் உயர்தரப் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகள் எட்டு, ஒன்பது பேர் வருவார்கள். மேடை இல்லை, மணி இல்லை. முதல் நாள் ஒரு பையன், "பங்கருக்குள்ள பகல் முழுக்க என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டான். சின்னப் பிள்ளைகள் கொக்கான் விளையாடினார்கள் என்றேன். கல் இல்லாத மணல், அதனால் சிப்பி பொறுக்கி வைத்து விளையாடினார்கள். ஷெல் சத்தம் கிட்டக் கேட்டால் சிப்பியை வாய்க்குள் போட்டுக்கொள்வார்கள், தொலைந்துவிடும் என்று. இதைச் சொல்லத் தொடங்கி அன்று மூன்று மணி நேரம் கதைத்தேன். அன்றிரவு நித்திரை வந்தது.

ஒருநாள் ஒரு பிள்ளை தன் அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்தாள். மூட்டை எப்படித் தைப்பது என்று காட்டச் சொன்னாள். மடித்து, இரட்டைத் தையல் போட்டு, வாயை மட்டும் விட்டு... தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கி மீதியைத் தைத்தாள். வளைந்து வளைந்து போன தையல். அந்த மூட்டையை நான் வீட்டில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள்தான் எனக்கு ருவாண்டாவைப் பற்றிச் சொன்னார்கள். 1994 இனப்படுகொலையில் குடும்பத்தை இழந்த மாணவர்கள் 1996இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்களாம். தங்களுக்குள் ஒருவரை அப்பா, ஒருவரை அம்மா என்று வைத்துக் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு படித்தார்களாம். 2005இல் பியும்பா என்ற இடத்தில் தொடங்கிய ஆற்றுப்படுத்தல் குழுக்களில் பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் உட்காருவார்கள், 15 வாரத்துக்கு. உயிர் தப்பியவர்களும், கொன்றவர்களின் வீட்டாரும்கூட ஒரே வட்டத்தில் இருப்பார்களாம். இதைக் கேட்டபோது எனக்குத் தந்த ஏழு நிமிடம்தான் நினைவுக்கு வந்தது.

ஒன்ராறியோவில் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்துக்கு 2021இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் சட்டம் நின்றது. மே 18ஐ நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தை 2022இல் கனடா நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. இதற்காக உழைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் என் பேரனின் வகுப்புக்கு அந்த வாரத்தில் வந்து பத்து நிமிடம் கதைக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன். பதில் இல்லை. சட்டம் இருக்கிறது, அறிவூட்டலுக்கு ஆளும் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வைக்க ஒருவரும் இல்லை. இதை உங்கள் பத்திரிகை எழுதலாம். எழுதியிருக்க வேண்டும்.

சரி, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. எங்கள் சனிக்கிழமைக் கூடலைப் பற்றி நான்கு வரி அறிவித்தல் போடச் சொல்லி மார்ச்சில் அனுப்பியிருந்தேன். விளம்பரக் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது. நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை, ஆகவே கொடுக்கவும் எங்களிடம் இல்லை. மரண அறிவித்தல்களுக்குக் கீழே எப்போதும் ஒரு சின்ன இடம் வெறுமையாகக் கிடக்கும். அதில் இதைப் போட்டுவிடுங்கள்:

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. வன்னியிலிருந்து வந்தவர்களும், கேட்க விரும்பும் பிள்ளைகளும் வரலாம். பேசாமல் இருந்துவிட்டும் போகலாம். பழைய சேலை இருந்தால் கொண்டுவாருங்கள்.

இடத்தையும் தொலைபேசி எண்ணையும் மார்ச்சில் அனுப்பிய கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அது கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், திரும்ப அனுப்புகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
ஸ்காபரோ