பியர் 88-இல் கவிழ்ந்த கப்பல்

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. ஆபீஸுக்கு நியூயார்க்கின் பியர் 88 கப்பல் துறையைத் தாண்டித்தான் போகிறேன் என்று போனில் சொன்னாய். "அங்கே என்னப்பா விசேஷம்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு அழைப்பு வந்து போனை வைத்துவிட்டாய். கடிதம் என்றால் பாதியில் ஓட முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

அந்தத் துறையில்தான் நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பல் கவிழ்ந்தது. பிரான்ஸில் சான் நசேரில் கட்டியது. 1932 அக்டோபரில் நீரில் இறக்கினார்கள். 1935 மே மாதக் கடைசியில் லெ ஹாவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். 4 நாள், 3 மணி நேரத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து வேகத்துக்கான நீல நாடா விருதையும் வாங்கிவிட்டது. அப்புறம் அந்த விருது குயின் மேரி என்ற பிரிட்டிஷ் கப்பலுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

வடிவமைத்தவர் விளாடிமிர் யூர்கெவிச். ஜார் காலத்தில் ரஷ்யப் போர்க்கப்பல்களுக்கு உடல் வரைந்தவர், புரட்சிக்குப் பின் பிரான்ஸுக்கு வந்தார். தண்ணீரை அதிகம் கலைக்காமல் கிழித்துக்கொண்டு போகிற முன்மூக்கு அவர் கைவண்ணம். அதனால்தான் குயின் மேரியைவிடக் குறைந்த சக்தியில் அதற்குச் சமமாக ஓடியது. ஆனால் முதல் பயணத்தில் பின்பக்கம் பயங்கர அதிர்வு. மூன்று இதழ் ப்ரொப்பெல்லர்களைக் கழற்றி நான்கு இதழ் மாட்டிய பிறகுதான் அடங்கியது.

உள்ளே கேட்கவே வேண்டாம். முதல் வகுப்பு உணவுக்கூடம் மட்டும் 93 மீட்டர் நீளம், 700 பேர் உட்காரலாம். ஜன்னலே கிடையாது. லாலிக் என்ற பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞரின் தூண்களிலிருந்து வரும் விளக்கொளிதான். மற்ற கப்பல்களில் பாய்லர் புகைக்குழாய்கள் கூடங்களின் நடுவே ஏறும். இதில் இரண்டாகப் பிரித்துச் சுவரோரமாக ஏற்றியிருந்தார்கள். அதனால் ஒரு கூடத்தில் நின்றால் அடுத்த கூடங்களும் தெரியும். மூன்று புகைபோக்கிகளில் மூன்றாவது வெறும் அலங்காரம், அங்கே நாய்களுக்குக் கூண்டு வைத்திருந்தார்கள். என் கணக்கில் இந்த ஆடம்பரம்தான் கப்பலின் நோய். இடத்தையெல்லாம் பணக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், பல பயணங்களில் பாதி இடம் காலி. லாபம் பார்த்த கப்பல் இல்லை அது.

1939-இல் போர் மூண்டதும் நியூயார்க்கிலேயே நின்றுவிட்டது. 1941 டிசம்பரில் அமெரிக்கா கையகப்படுத்தி, லஃபாயெட் என்று பேர் மாற்றி, படைவீரர்களை ஏற்றும் கப்பலாக்க ஆரம்பித்தது. ஏகப்பட்ட அவசரம். 1942 பிப்ரவரி 9 மதியம், பெரிய கூடத்தில் ஒருவர் கேஸ் டார்ச்சால் விளக்குக் கம்பத்தை அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இலவம்பஞ்சு அடைத்த மிதவை அங்கிகள் மலையாகக் குவிந்திருந்தன. பொறி பறந்தது. அவ்வளவுதான்.

பட்டறையில் இருந்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கும். நெருப்பு வேலை நடக்கும் இடத்தில் எரியும் சரக்கை அப்புறப்படுத்தாமல் டார்ச்சைப் பற்றவைக்கவே விடமாட்டோம். அங்கே நகரத் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் அலாரம் இணைப்பே துண்டிக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சுக் குழாயில் அமெரிக்க ஹோஸ் மாட்டவில்லை. ஜெர்மன் கைக்கூலிகள் வைத்த தீ என்று ஊரே பேசியது. விசாரணையில் வெளிவந்தது வெறும் அஜாக்கிரதை.

ஆனால் கப்பலைக் கொன்றது தீ இல்லை. ஆற்றிலிருந்து தீயணைப்புப் படகுகள் மேல்தளங்களில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தன. பாதி நிரம்பிய அண்டாவைத் தூக்கிப் பார்த்திருக்கிறாய் அல்லவா, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நம்மையும் இழுக்கும். மேலே தேங்கிய தண்ணீர் அதைத்தான் செய்தது. யூர்கெவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். ஓடி வந்து, அடித்தள வால்வுகளைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுங்கள், கப்பல் நேராகத் தரையில் உட்கார்ந்துகொள்ளும், சாயாது என்றார். துறையில் ஆழம் குறைவு என்பதால் அது நடக்கக்கூடிய காரியம்தான். கடற்படை அதிகாரி கேட்கவில்லை. அந்தக் கப்பலின் ஒவ்வொரு தகடும் தெரிந்த மனிதரை ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள்! மறுநாள் விடியற்காலை 2.45-க்குக் கப்பல் இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. தீ விபத்தில் ஒரு தொழிலாளி இறந்தார்.

மேல்தளங்களையெல்லாம் வெட்டியெடுத்து 1943-இல் நிமிர்த்தினார்கள். அந்தச் செலவு வீண். போருக்குப் பின் 1,61,680 டாலருக்குப் பழைய இரும்பாக விற்று, நியூவார்க்கில் உடைத்தார்கள். நகைக்கடைக் கூலிச் சேதாரம் மாதிரி என்று உன் அம்மா சிரிக்கிறாள், நான் சிரிக்கவில்லை.

ஆனால் ஆடம்பரச் சாமான்களில் நிறைய முன்கூட்டியே கரையிறங்கித் தப்பித்தன. ஜான் டியூபா வரைந்த கண்ணாடிச் சுவரோவியம் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. இப்போது பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போ. உணவுக்கூடக் கதவுகளின் வெண்கல வட்டத் தகடுகள் புரூக்ளினில் 'அவர் லேடி ஆஃப் லெபனான்' என்ற தேவாலய வாசலில் இருக்கின்றன, அதற்கு டிக்கெட் கிடையாது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வா. தகடுகளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு. போன தடவை மாதிரி உன் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா