அரசு வழக்கறிஞர் யார் பக்கம்?

ஐயா,

ஊழல் வழக்கில் சிக்கும் தலைவர் எந்தக் கட்சியானாலும் முதலில் சொல்வது 'அரசியல் பழிவாங்கல்' என்பதைத்தான். இதை அப்படியே நம்புவதும் தவறு, சலித்துப்போய் ஒதுக்குவதும் தவறு.

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கை நினைத்துப் பாருங்கள். 2001-இல் அவர் மீண்டும் முதல்வரான பின் 76 சாட்சிகள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கக் கோர வேண்டிய அரசுத் தரப்பு வாய் திறக்கவில்லை. தி.மு.க. பொதுச் செயலாளராக இருந்த க. அன்பழகன் மேடையில் குற்றம்சாட்டியதோடு நிற்காமல் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகத்துக்கு மாறியது. அதன் பிறகும், தண்டனையை எதிர்த்து ஜெயலலிதா செய்த மேல்முறையீட்டில் அரசுத் தரப்பில் ஆஜராக வழக்கறிஞர் பவானி சிங்கைத் தமிழக அரசு நியமித்தது செல்லாது என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதரவாக நடக்கும் இந்தப் பாரபட்சத்தைப் பற்றி எந்தத் தலைவரும் பேட்டி கொடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

மாநிலங்களில் அரசு வழக்கறிஞர்களை மேற்பார்வையிடும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதை மாற்றவில்லை. பழிவாங்கல் என்று உண்மையாகவே நம்பும் தலைவர்கள், இயக்ககத்தை உள்துறையிலிருந்து பிரித்து, உயர் நீதிமன்றத்தின் பங்கேற்போடு நியமனங்கள் நடக்கச் சட்டமன்றத்தில் குரல் கொடுக்கட்டும். ஆளுங்கட்சியாக இருக்கும்போதும் கொடுக்கட்டும்.

- வாசகர், திருச்சி