ஆற்றைக் கடந்தால் அறுந்துபோகும் மருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்ச் 24, உலகக் காசநோய் நாள் நெருங்கினால் வட்டாரக் கூட்டுழைப்பு பற்றிப் பேச்சு கிளம்பும். எங்களுக்கு வட்டாரம் என்பது முதலில் பெர்ணம் ஆறுதான். இக்கரை மலேசியாவின் பேராக் மாநிலம், அக்கரை சிலாங்கூர். ஊத்தான் மெலிந்தாங்கில் காசநோய் மாத்திரை தொடங்கிய செம்பனைத் தொழிலாளி அடுத்த மாதம் சபாக் பெர்ணம் பக்கம் குலை வெட்டப் போயிருப்பார். அதற்கடுத்த மாதம் விடுப்பில் நேப்பாளத்திலோ சுமத்ராவிலோ இருப்பார். அவருடைய கோப்பு மட்டும் தொடங்கிய இடத்திலேயே கிடக்கும்.

மருந்துக்கு எதிர்ப்பில்லாத காசநோய்க்கு வழக்கமான மருத்துவம் 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தம்பியூட்டால் நான்கும்; பிறகு 4 மாதம் முதல் இரண்டு மட்டும். நான்கும் சேர்ந்த கூட்டு மாத்திரை 38 முதல் 54 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 3, 55 முதல் 70 கிலோ வரை 4. முதல் கட்டத்தில் 14 நாள் தொடர்ந்து விட்டுப்போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனவே இடமாற்றத்தில் போகிற இரண்டு வாரம் சின்ன விஷயமில்லை.

நிறுத்துவதற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, எடையும் ஏறினால் குணமாகிவிட்டதாக யாருக்கும் தோன்றும். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரத்தம் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். (கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ நிறங்களைப் பிரித்தறிய முடியாவிட்டாலோ அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும். அது வேறு.) இன்னொன்று நேரம். கிளினிக் திறப்பது காலை 8 மணிக்கு. பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கெடுப்பு, விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. தாதியின் கண்முன் விழுங்கவேண்டும் என்றால் அன்றாடம் அரைநாள் சம்பளம் போகும்.

பெரட்டிலேயே மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) மாத்திரை கொடுக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. எல்லோர் பார்க்க விழுங்குகிறவருக்குக் கொங்சியில் (தொழிலாளர் கூட்டாகத் தங்கும் வீட்டில்) மறுநாளே தனித்தட்டு விழும். டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருக்கும் தோட்டத்தில் அவர் அறையில் விழுங்கலாம். இல்லாத இடத்தில் கைப்பேசியில் விழுங்குவதைப் படம்பிடித்து அனுப்பலாம். உலகச் சுகாதார நிறுவனமும் இதை ஏற்கிறது. செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பதிவு செய்து வைத்து, மாலையில் அனுப்பினால் போதும்.

முக்கியமானது, நோயாளி இடம் மாறும்போது கிளினிக் கொடுக்கும் மாற்றுக் கடிதம். அதில் மருந்து தொடங்கிய நாள், எடை, இதுவரை விழுங்கிய நாள்களின் எண்ணிக்கை, முதல் சளிப் பரிசோதனை முடிவு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா இல்லையா, 2 மாத முடிவில் எடுத்த சளியின் முடிவு ஆகியவை இருக்கவேண்டும். உடன் தங்கியவர்களின் பட்டியல் தனித்தாளில் கிளினிக்கிலிருந்து கிளினிக்குக்குப் போகவேண்டும். போகிறவர் கையில் குறைந்தது 2 வார மாத்திரை, நாடு திரும்புகிறவருக்கு 1 மாதத்துக்கானது வேண்டும். போய்ச்சேர்ந்த இடத்தில் முதல் மாத்திரை விழுங்கியாயிற்று என்ற பதில் வரும்வரை அனுப்பிய கிளினிக் கோப்பை மூடக்கூடாது.

கடிதம் இல்லாவிட்டால் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சளியைச் சோதிக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி சுமார் 2 மணி நேரத்தில் முடிவு சொல்லும், ஆனால் அது தேடுவது கிருமியின் மரபணுவை. செத்த கிருமியும் அதில் தென்படும். நாலு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டவரைப் புது ஊரில் புது நோயாளியாக நினைத்துப் பரிசோதித்தால் நோய் இருப்பதாகவே காட்டக்கூடும். பாதி வழியில் நிலைமையை அறிய நுண்ணோக்கியும் கிருமி வளர்ப்புச் சோதனையும்தான் சரி.

நாடுகளுக்கிடையே இது இன்னும் சிக்கல். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் மலேசியா மேற்குப் பசிபிக். நேப்பாளமும் வங்காளதேசமும் இந்தியாவும் தென்கிழக்காசியா. இந்தோனேசியா 2025-இல்தான் நம் பக்கம் வந்தது. கொங்சியில் ஒரே அறையில் படுக்கிறவர்கள் இரண்டு வட்டாரக் கணக்கில் இருக்கிறார்கள். இந்தியாவின் நிக்‌ஷய் காசநோய்ப் பதிவு எண்ணோடு வருகிறவருக்கு இங்கே அந்த எண்ணால் பயனில்லை.

விடுப்பு விஷயமும் உண்டு. 1955 வேலைச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைவான பணிக்காலம் உள்ளவருக்கு ஆண்டுக்கு 14 நாள் நோய் விடுப்பு. மருந்து ஏறி, தொற்று பெரிதும் தணிவதற்கே ஏறக்குறைய அந்த 2 வாரம் ஆகிவிடும்; பிறகு கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சம்பளமில்லா நாள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் பெர்மிட் போய்விடும் என்ற பயம் வேறு. இருமலை மறைப்பதில் வியப்பென்ன?

மாற்றுக் கடிதத்தை மலாயோடு நேப்பாளி, வங்காளம், தமிழ் மொழிகளிலும் அச்சிட மாவட்டச் சுகாதார அலுவலகங்கள் முன்வர வேண்டும். கடிதத்தின் அடியில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கட்டும்: அனுப்புகிற கிளினிக்கின் எண், போய்ச்சேரும் இடத்தின் எண். இரண்டும் மாலை 5 மணிக்குப் பிறகும் யாராவது எடுக்கிற எண்களாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
தோட்டச் சுகாதாரப் பணியாளர்கள் சிலர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்